பீட்மண்ட்டின் செங்களி: ஒரு காட்டு மண்ணின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில், அப்பலாச்சியன் மலைத்தொடருக்கும் அட்லாண்டிக் கரையோரச் சமவெளிக்கும் இடையே, நியூ ஜெர்சியிலிருந்து அலபாமா வரை நீண்டு கிடக்கும் மேடுபள்ளமான நிலம் பீட்மண்ட் எனப்படுகிறது. வர்ஜீனியா, இரு கரோலினாக்கள், ஜார்ஜியா, அலபாமா ஆகிய மாநிலங்களில் அடங்கிய அதன் தென்பகுதி செங்களிமண்ணுக்குப் பேர்பெற்றது. சாலைக்காக வெட்டிய சரிவுகளிலும், வீடு கட்டத் தோண்டிய குழிகளிலும், மழைக்குப் பின் கலங்கியோடும் ஆறுகளிலும் அந்தச் சிவப்பே கண்ணில் படுவதால், தென்னக வாழ்வைப் பற்றிய கதைகளிலும் பாட்டுகளிலும் அது அந்நாட்டின் அடையாளமாகவே நிலைபெற்றுவிட்டது. ஆயினும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்குக் குடியேறிய ஐரோப்பியர் காடுகளுக்குள் நடந்தபோது பெரும்பாலான இடங்களில் மிதித்தது இலைச்சருகையும், அதன் கீழிருந்த மணற்பாங்கான பழுப்பு மண்ணையும்தான். இன்று மேலே தெரியும் சிவப்பு அந்த மண்ணின் இரண்டாம் தளம். அது வெளிப்பட்ட கதையே பீட்மண்ட் வேளாண்மையின் கதை.

இம்மண்ணின் தாய்ப்பாறை பெரும்பாலும் கிரானைட்டும், அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய நைஸ், சிஸ்ட் முதலிய பாறைகளுமாகும். வட அமெரிக்காவின் வடபகுதியைப் பனியுகங்களில் மூடிய பெரும் பனிப்படலங்கள் இங்குவரை இறங்கி வரவில்லை. ஆகவே வடக்கே பனி பழைய மண்ணைச் சுரண்டி அகற்றியபோதும், இங்குப் பாறை மழையாலும் வெப்பத்தாலும் இடையறாது சிதைந்துகொண்டே இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நிலத்தில் அச்சிதைவு பல மீட்டர், சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல், ஆழம் சென்றிருக்கிறது. அடியில் இருக்கும் சிதைந்த பாறைக்குச் சாப்ரோலைட் என்று பெயர். பாறையின் வரிகளும் மடிப்புகளும் அதில் அப்படியே தெரியும். கையில் எடுத்து அழுத்தினால் பொடிந்துவிடும். அதற்கு மேல், ஒரு மீட்டர் அளவுக்குத் தடித்த செங்களி அடுக்கு உள்ளது. மேலிருந்து இறங்கும் மழைநீர் நுண்ணிய களித்துகள்களைச் சுமந்துவந்து இவ்வடுக்கில் படியவிடுவதால், மண்கட்டிகளின் முகங்களில் மெழுகு பூசியதுபோன்ற மெல்லிய களிப்படலம் காணப்படும். பாறையின் கனிமங்களிலிருந்து விடுபட்ட இரும்பு, ஆக்சைடாக மாறி அதற்குச் சிவப்பு நிறம் தருகிறது. செங்களிக்கு மேல், களியை இழந்து மணல் மிகுந்து வெளிறிய ஒரு சிறு அடுக்கும், அதற்கும் மேல் மட்கு கலந்து கருத்த மேல்மண்ணும், எல்லாவற்றுக்கும் மேலே சருகும் பாதி மட்கிய இலைகளும் சேர்ந்த ஒரு போர்வையும் இருக்கும். மட்கு சேர்ந்த பகுதி முழுவதையும் அளந்தாலும் ஒரு முழத்தைத் தாண்டாது.

மண்ணின் அமிலத்தன்மையை அளக்கும் கார அமில நிலை என்னும் அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு அமிலத்தைக் குறிக்கும். பீட்மண்ட் செங்களியின் அளவு பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையே நிற்கிறது. மழைநீர் காற்றிலும் வேர்களின் மூச்சிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகி, மட்கிலிருந்து வரும் அமிலங்களையும் சேர்த்துக்கொண்டு கீழிறங்கும்போது, கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய ஊட்டங்களைக் கரைத்து ஆறுகளுக்கு அனுப்பிவிடுகிறது. களித்துகள்களின் மேல் அவை விட்டுச்சென்ற இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. கரைந்த நிலையில் உள்ள அலுமினியம் பல பயிர்களின் வேர் நுனிகளைக் கருக்கிவிடும். மேலும், இங்குள்ள களியில் மிகுதியாக இருப்பது கயோலினைட். வீங்கிச் சுருங்கும் இயல்பற்ற இக்களி ஊட்டங்களைப் பற்றிவைக்கும் திறனிலும் வறியது. பாஸ்பரசோ எதிர்மாறாக, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளில் இறுகச் சிக்கி வேர்களுக்கு எட்டாமல் போகிறது. ஆக, ஆழமும் ஈரமும் உடைய இந்த அடிமண் கண்ணுக்குச் செழுமையாகத் தோன்றினாலும் உழவனுக்குக் கொடுக்கக்கூடியது மிகக் குறைவு.

இத்தகைய மண்ணை அமெரிக்க மண்ணியலாளர் முன்பு செம்மஞ்சள் போட்சாலிக் மண் என்று அழைத்தனர்; 1960இல் வெளியான புதிய வகைப்பாட்டு வரைவிலிருந்து அதற்கு அல்டிசால் என்று பெயர். களியடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பதும், ஆழத்தில் களியின் பிடிப்பிடங்கள் நூற்றில் 35க்கும் குறைவானவற்றிலேயே கால்சியம் முதலிய கார ஊட்டங்கள் அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் அவ்வகையின் இலக்கணம். தமிழ்நாட்டின் சமவெளிச் செம்மண்ணும் நிறத்தால் இதை ஒத்ததுதான் என்றாலும், மழை குறைந்த நாட்டில் ஊட்டங்கள் அவ்வளவாகக் கரைந்து போகாததால் அதன் பெரும்பகுதி நடுநிலையை ஒட்டியே இருக்கிறது. நிறத்தை வைத்து இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு. பீட்மண்ட்டில் மிகப் பரவலான அல்டிசால் வகை செசில் எனப்படும். அது 1899இல் மேரிலாந்தின் செசில் மாவட்டத்தில் முதன்முதலாக வரையறுக்கப்பட்டு அம்மாவட்டத்தின் பெயரைப் பெற்றது. பின்னர் மண்ணின் வெப்பநிலையும் வகைப்பாட்டுக்கு அளவுகோலானபோது, குளிர்ந்த மேரிலாந்து அவ்வரையறைக்கு வெளியே போய்விட்டது. பெயர் தந்த மாவட்டத்தில் இன்று அம்மண் இல்லை என்றாகிவிட்டது!

இவ்வளவு வறிய மண்ணில் கருவாலியும் ஹிக்கரியும் பைனும் எவ்வாறு பெருங்காடாக நின்றன என்ற கேள்விக்கு விடை மேலுள்ள ஒரு முழ மண்ணில் இருக்கிறது. மரங்களின் வேர்கள் ஆழத்திலிருந்து சிறிது சிறிதாக எடுத்த கால்சியமும் பொட்டாசியமும் இலையில் ஏறி, இலை உதிர்ந்து மட்கி, மீண்டும் வேருக்கே வந்து சேர்ந்தன. காட்டின் செல்வம் அந்தச் சுழற்சியில் இருந்ததே அன்றி, களியில் சேமித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. செரோக்கி, கட்டாபா முதலிய தொல்குடியினர் தம் சோளக் கொல்லைகளைப் பெரும்பாலும் ஆற்றோர வண்டல் நிலங்களிலேயே அமைத்து, மேட்டுக்காட்டை வேட்டைக்கும் பழங்களுக்கும் வைத்திருந்தனர். வெள்ளம் புதுப்பிக்கும் வண்டலையும் புதுப்பிக்க எவருமற்ற மேட்டையும் வேறு பிரித்தறிந்த பயன்பாடு அது.

ஐரோப்பியக் குடியேறிகள் மேட்டுக்காட்டையே வெட்டிச் சுட்டனர். எரிந்த மரத்தின் சாம்பலில் சுண்ணமும் பொட்டாசும் நிறைந்திருந்ததால், முதல் சில ஆண்டுகளில் மண்ணின் அமிலம் தணிந்து புகையிலை நன்றாக விளைந்தது. மூன்று நான்கு அறுவடைகளில் சாம்பலின் பயன் தீர்ந்துபோக, அந்த வயலில் சோளமோ கோதுமையோ விதைத்துப் பார்த்து, பின் கைவிட்டு, அடுத்த காட்டுத்துண்டை வெட்டச் சென்றனர். கைவிட்ட வயலில் பைன் முளைத்தது; அமிலத்தையும் வறுமையையும் தாங்கும் லாப்லாலி பைனை அந்நாட்டு மக்கள் ‘பழைய வயல் பைன்’ என்றே அழைத்தனர். நிலம் மலிவு, உழைப்பு அரிது என்ற நிலையில் இம்முறை அறியாமையால் விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுழற்சியை முறித்துவிட்டு அதன் மிச்சத்தில் வாழ்ந்த முறை அது என்பதில் ஐயமில்லை. தாமஸ் ஜெஃபர்சனின் மருமகன் தாமஸ் மன் ராண்டால்ஃப் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிவை மேலும் கீழுமாக உழாமல் சமமட்டக் கோடுகளையொட்டிக் குறுக்காக உழும் முறையைக் கைக்கொண்டார். ஜெஃபர்சன் அதைத் தம் கடிதங்களில் பெரிதும் புகழ்ந்திருக்கிறார். பெருந்தோட்டங்கள் சிலவற்றுக்கு வெளியே அது பரவியது மெதுவாகவே.

மண்ணின் அமிலத்தைத் தனிச் சிக்கலாக முதலில் கண்டறிந்தவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த எட்மண்ட் ரஃபின். அவருடைய நிலம் பீட்மண்ட்டுக்குக் கிழக்கே ஜேம்ஸ் ஆற்றங்கரையில், கரையோரச் சமவெளியில் இருந்தது. மண் மணல் மிகுந்ததாயினும் அமிலத்தன்மையில் பீட்மண்ட் மண்ணுக்கு நெருங்கியது. எரு இட்டும் விளைச்சல் உயராதது ஏன் என்று எண்ணிய ரஃபின், ஹம்ப்ரி டேவியின் வேளாண் வேதியியல் நூலைப் படித்ததன் விளைவாக, பைனும் புளிச்சுவைக் கீரையான சாரலும் தழைக்கும் வறிய நிலங்களில் சுண்ணம் அறவே இல்லை என்பதையும், அங்கு ஏதோ ஓர் அமிலம் தேங்கியிருக்க வேண்டும் என்பதையும் ஊகித்தார். தம் நிலத்துக்கு அடியில் கிடந்த மார்ல் என்னும் தொல்கடல் சிப்பிகள் கலந்த சுண்ணக் களியை 1818இல் வெட்டியெடுத்து ஒரு வயலில் பரப்பியபோது சோள விளைச்சல் ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்தது. அந்த அனுபவத்தை விரித்து 1832இல் அவர் வெளியிட்ட சுண்ண எருக்களைப் பற்றிய நூல், மண்ணின் அமிலத்தையும் அதற்கான மருந்தையும் சோதனையால் நிறுவிய முன்னோடி நூல்களில் ஒன்று. அக்கால வேதியியலாளரால் மண்ணிலிருந்து அந்த அமிலத்தைப் பிரித்துக் காட்ட முடியாததால் அவருடைய கருத்தைப் பலர் ஏற்கவில்லை. கரைந்த அலுமினியத்தின் பங்கு தெளிவானது 20ஆம் நூற்றாண்டிலேயே. காரணத்தின் முழு விவரம் தெரியாமலே மருந்தைச் சரியாகக் கண்டுபிடித்தவர் என்று ரஃபினை மதிப்பிடலாம்.

அம்மருந்து அக்காலத்தில் பீட்மண்ட்டுக்கு வந்து சேரவில்லை. மார்ல் கடலோரத்துக்கே உரிய படிவு. ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான புஷல் அளவில் இட வேண்டிய அந்தச் சுமையை மாட்டுவண்டியில் நூறு மைல் உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்வது எந்தக் கணக்குக்கும் ஒத்துவராது. 1843இல் தென் கரோலினா அரசின் வேளாண் ஆய்வாளராக ரஃபின் அம்மாநிலமெங்கும் சுற்றி மார்லின் பெருமையைப் பேசியபோதும் பருத்தித் தோட்டக்காரர் பெரும்பாலோர் அசையவில்லை. இங்கு மறைக்கலாகாத இன்னொன்றும் உண்டு: ரஃபினின் நிலத்தில் மார்லை வெட்டிச் சுமந்தவர்கள் அடிமைகள், அவர் அடிமை முறையின் கடும் ஆதரவாளர், 1861இல் சம்டர் கோட்டையைத் தாக்கியவர்களோடு நின்று குண்டு தொடுத்தவர், உள்நாட்டுப் போரில் தென்னகம் தோற்ற 1865இல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தவர். மண்ணைக் காத்து அந்தச் சமூக அமைப்பையும் காக்க வேண்டும் என்பதே அவருடைய வேளாண் சீர்திருத்தத்தின் உள்நோக்கம்.

1793இல் பருத்தியின் கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம் வந்தபின், குட்டை இழைப் பருத்தி மேட்டு நிலமெங்கும் பரவியது. பருத்தி வரிசைகளுக்கு இடையே களையின்றித் திறந்துகிடக்கும் மண், கோடையின் இடிமழைக்கும், பயிரற்ற குளிர்காலத்தின் நீண்ட மழைக்கும் நேராக ஆளானது. மணற்பாங்கான மேல்மண் களியைவிட எளிதில் நீரை உள்வாங்கக்கூடியது. அது போனபின் வெளிப்பட்ட செங்களியின் மேல் விழும் மழை அதன் முகத்தை இறுக்கி, உள்ளே இறங்காமல் சரிவில் ஓடத் தொடங்கியது. ஓடும் நீர் களியை அறுத்துச் சாப்ரோலைட்டைத் தொட்டுவிட்டால் அதன்பின் தடுப்பதற்கு எதுவுமில்லை: பிடிப்பற்ற அந்தப் பாறைப்பொடி அடியில் கரைய, மேலே நிற்கும் களி பாளம் பாளமாகச் சரியும். 1846இல் ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில் நகருக்கு அருகில் ஸ்காட்லாந்து நிலவியலாளர் சார்லஸ் லயல் கண்ட பள்ளம் இதற்குச் சான்று. அங்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்வரை காடு நின்றது; வெட்டியபின் வெயிலில் களி வெடித்து, வெடிப்பில் மழைநீர் புகுந்து, அவர் பார்த்தபோது 55 அடி ஆழமும் 300 கஜம் நீளமும், அகன்ற இடத்தில் 180 அடி அகலமும் உள்ள பள்ளமாகியிருந்தது. நிலவியல் மாற்றங்கள் மிக மெதுவாக நிகழ்பவை என்ற கொள்கைக்குப் புகழ்பெற்ற ஒருவர், இருபதே ஆண்டுகளில் உருவான பள்ளத்தாக்கைக் கண்டு வியந்து பதிவுசெய்தார் என்பது கவனிக்கத்தக்கது.

உரமிட்டுக் காப்பதைவிடப் புதிய நிலத்துக்குப் பெயர்வது மலிவாக இருந்தவரை, அடிமைகளைத் தம் முதலாகக் கொண்ட தோட்டக்காரர் அம்முதலை நடத்திக்கொண்டு அலபாமாவுக்கும் மிசிசிப்பிக்கும் சென்றனர். உள்நாட்டுப் போருக்குப் பின்னும் நிலைமை மாறவில்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் வாரக் குடிகளாகி, விளையப்போகும் பருத்தியை ஈடுவைத்துக் கடன் வாங்கி உழுதனர். கடன் கொடுத்த கடைக்காரர் பருத்தியைத் தவிர வேறு பயிரை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு அதே நிலம் கிடைக்குமா என்று தெரியாத குடியானவர் வரப்பு கட்டவில்லை. 1867 முதல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே பாஸ்பேட் பாறை தோண்டப்பட்டு மலிவான உரம் கிடைத்ததால், செங்களி வெளிப்பட்ட வயல்களிலும் எப்படியோ பருத்தி விளைந்தது. அதனால் அழிவு தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. 1915 அளவில் ஜார்ஜியாவுக்குள் நுழைந்த பருத்திக் காய்க் கூன்வண்டு அடுத்த பத்தாண்டுக்குள் மிஞ்சியிருந்த வருவாயையும் தின்று தீர்க்க, பல்லாயிரக்கணக்கான வயல்கள் ஆளின்றிக் கிடந்தன.

இந்த இழப்பை அளந்து சொன்னவர் வட கரோலினாவின் ஆன்சன் மாவட்டத்தில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் 1881இல் பிறந்த ஹ்யூ ஹாமண்ட் பென்னட். அரசின் மண் கணக்கெடுப்பில் பணியாற்றிய அவர் 1905இல் வர்ஜீனியாவின் லூயிசா மாவட்டத்தில், ஒரே சரிவில் ஒரே பாறையின் மேல் அடுத்தடுத்துக் கிடந்த காட்டையும் வயலையும் ஒப்பிட்டார்; காட்டில் பொலபொலப்பான ஈர மண், வயலில் இறுகிய களி. இரண்டும் முன்பு ஒரே மண்ணாக இருந்தவை என்பதும், வயலின் மேல்மண் பள்ளம் எதுவும் விழாமலே ஒவ்வொரு மழைக்கும் தாளளவு தாளளவாக உரிந்து போயிருக்கிறது என்பதும் அவருக்குப் புலப்பட்டன. கண்ணுக்குத் தெரியும் பள்ளங்களைவிடக் கண்ணுக்குத் தெரியாத இந்த உரிதலே பெருங்கேடு என்பது அவர் கண்ட முடிவு. 1911இல் தென் கரோலினாவின் ஃபேர்ஃபீல்ட் மாவட்டக் கணக்கெடுப்பில், முன்பு பயிரிடப்பட்ட ஏறத்தாழ 90,000 ஏக்கர் பள்ளங்களால் பாழானதாகப் பதிவாயிற்று. இவ்வளவுக்கும், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வெளியான அவருடைய துறைத் தலைமையின் அறிக்கை, மண் தீர்க்கவோ அழிக்கவோ முடியாத தேசியச் சொத்து என்று கூறியிருந்தது. அலுவலகத்தில் அமர்ந்து எழுதிய மண்ணியலுக்கும் வயலில் குழி தோண்டிய மண்ணியலுக்கும் இருந்த தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

1928இல் பென்னட் மண் அரிப்பைத் தேசிய அபாயம் என்று அறிவித்த அரசு வெளியீடு ஒன்றை இணையாசிரியராக எழுதினார். 1933இல் தொடங்கிய மண் அரிப்புத் துறைக்குத் தலைவரானார். 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மேற்குச் சமவெளிகளில் எழுந்த தூசிப்புயல்களே அச்சட்டத்தைக் கொண்டுவந்தன என்று பொதுவாக நினைவுகூரப்படுகிறது. புயல் அரசியலுக்கு அவசரத்தைத் தந்தது உண்மை. ஆனால் பென்னட்டுக்கு மண் அரிப்பைக் கற்பித்த பள்ளி பீட்மண்ட்டின் செங்களிதான். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் அருகே சவுத் டைகர் ஆற்றுப் படுகையில் தொடக்ககாலச் செயல்விளக்கத் திட்டங்களுள் ஒன்று அமைந்ததும் அதனால்தான். அத்துறை செய்தவை எல்லாம் நன்மையாக முடியவில்லை. சரிவுகளை மூட அது கோடிக்கணக்கில் வழங்கிய குட்ஸு என்னும் ஆசியக் கொடி, பிற்காலத்தில் மரங்களையே மூடும் களையாயிற்று.

1700க்கும் 1970க்கும் இடையே தென் பீட்மண்ட் சராசரியாக ஏழு அங்குலம், அதாவது ஏறத்தாழ 18 சென்டிமீட்டர், மண்ணை இழந்தது என்று புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் 1974இல் கணக்கிட்டுக் காட்டினார். காட்டின் ஊட்டமெல்லாம் அடங்கியிருந்த மேல்மண்ணின் பெரும்பகுதி அது. போன மண்ணில் கடலை அடைந்தது சிறு பகுதியே. மீதி பள்ளத்தாக்குகளில் தங்கி, தொல்குடியினர் பயிரிட்ட பழைய வண்டல் நிலங்களைச் சேற்றில் புதைத்தது. மேடு களியானது, பள்ளம் சதுப்பானது.

கைவிட்ட நிலங்களை அரசு வாங்கிக் காடாக்கத் தொடங்கியது. தென் கரோலினாவின் சம்டர் தேசியக் காடு 1936இல் அவ்வாறு உருவானது. அதற்குள், பீட்மண்ட்டின் மிக மோசமான நிலங்களுக்கு எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்தில், 1947இல் கால்ஹூன் ஆய்வுக்காடு நிறுவப்பட்டது. அங்கு ஒரு பழைய பருத்தி வயலில் 1957இல் லாப்லாலி பைன் நட்டு, 1962 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை ஆழம் ஆழமாக எடுத்துப் பகுத்து, மாதிரிகளைப் பாட்டில்களில் சேமித்துவருகின்றனர். உலகில் காட்டு மண்ணின் மாற்றத்தை இவ்வளவு காலம் நேரடியாகத் தொடர்ந்து அளந்த இடங்கள் மிகச் சில. டியூக் பல்கலைக்கழகத்தின் டேனியல் ரிக்டரும் அவருடைய குழுவினரும் அம்மாதிரிகளை ஒப்பிட்டுக் கண்டவை, காடு திரும்பினால் மண்ணும் திரும்பும் என்ற நம்பிக்கைக்கு உதவவில்லை. பருத்திக் காலத்தில் இட்ட சுண்ணத்தின் மிச்சத்தை வேகமாக வளர்ந்த பைன்கள் உறிஞ்சி மரத்தில் ஏற்றிக்கொண்டதால், மண்ணின் அமிலம் முப்பதே ஆண்டுகளில் கணிசமாகக் கூடியது. அமில மழைக்கும் அதில் பங்கிருந்தது, ஆனால் பெரும்பங்கு மரங்களின் வளர்ச்சிக்கே உரியது. நாற்பது ஆண்டுகளில் காடு சேர்த்த கார்பனில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரங்களிலும் 20 விழுக்காடு சருகுப் போர்வையிலும் தங்கியது. கனிம மண்ணுக்குள் நிலைத்தது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

வான்படத்தில் இன்று பீட்மண்ட்டின் பெரும்பகுதி பசுமையாகத் தெரிகிறது. நிலத்தின் ஆவணமோ வேறு கணக்கை வைத்திருக்கிறது. அமெரிக்க அரசின் மண் வரைபடங்கள் செசில் மண்ணை அரிப்பின் அளவைக்கொண்டு தனித்தனி உட்பிரிவுகளாகக் குறிக்கின்றன: மேல்மண் எஞ்சியுள்ள இடங்கள் மணற்பாங்கான இருவாட்டி மண் எனவும், அது உரிந்துபோய் உழவடுக்கே செங்களியோடு கலந்துவிட்ட இடங்கள் அரிப்புற்ற மணற்களி இருவாட்டி மண் எனவும் பதிவாகியுள்ளன. பைன் காடாகிவிட்ட சரிவுகளிலும் அந்த இரண்டாம் பெயரே பல இடங்களில் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது.